எர்சிலியாவின் நாக்கு கேட்டது

அத்தியாயம் 17

"இந்தத் தடவை அந்தத் திரையைத் திருப்பி வைக்க விடாதே, எல்வியோ."

போன வியாழக்கிழமை, டாக்டர் மரினெல்லாவின் அறையிலிருந்து இறங்கி வரும்போது, படிக்கட்டில் நின்று எர்சிலியா கணவனிடம் சொன்னது இது ஒன்றுதான்.

பேசித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. முதல் குழந்தை மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டேதான் ஸ்கேனுக்குப் படுத்தாள். டாக்டரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றது. ஒரு வார்த்தை சொல்லாமல் திரையை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

இது மூன்றாவது. இருபது வாரம் முடிந்துவிட்டது.

"இந்நேரம் அசைவு தெரியணும். சிலருக்குக் கொஞ்சம் தள்ளிப் போகும், அதுக்காகப் பயப்படாதே. செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பதரைக்கு வா, பாத்துடலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று திங்கட்கிழமை.

அசைவு எப்படி இருக்கும் என்று எர்சிலியா கேட்காத ஆள் இல்லை. ப்ரொசிதா தீவுக்குப் படகு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, பட்டாம்பூச்சி சிறகடிக்கிற மாதிரி என்றாள். நாலு பெற்ற இரண்டாம் மாடி லுக்ரேசியா, சோப்பு நுரை உடைகிற மாதிரி என்றாள். முதல் மாடியில் இருக்கும் அப்பா ப்ரோகொலோவிடம்கூடக் கேட்டுவிட்டாள்.

"உங்கம்மா மீன் வாலால தட்டினாப்பல இருக்குன்னு சொன்னா" என்றார் அவர். அறுபத்தெட்டு வயதில் அறுபது வருஷம் கடலில் கழித்தவர். சற்று யோசித்துவிட்டு, "நெத்திலின்னு நினைக்கிறேன். பெரிய மீனெல்லாம் கடைசி மாசத்துல" என்று சேர்த்துக்கொண்டார்.

எர்சிலியா பட்டாம்பூச்சிக்குக் காத்திருந்தாள். நுரைக்குக் காத்திருந்தாள். நெத்திலிக்கும் காத்திருந்தாள். மூன்றாம் மாடி பால்கனியில் சாய்வு நாற்காலியைப் போட்டு, வயிற்றின்மேல் கையை வைத்து, நாள் முழுக்க உள்ளே காது கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

வெளியேதான் எல்லாம் அசைந்துகொண்டிருந்தது.

எரிமலை வாய்மேல் உட்கார்ந்திருக்கும் எங்கள் பொட்சுவோலியில் பூமி அப்படி. பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் மூச்சை இழுப்பதுபோல் நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருக்கிறது. துறைமுகத்தில் நேற்றுவரை மீன் நீந்திய இடத்தில் இன்று நாய் படுத்திருக்கிறது. ப்ரோகொலோவின் படகு தண்ணீர் இல்லாத சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. வாரத்துக்கு நாலு தடவை தரை நடுங்கும். எழுந்து ஓடத் தோதாகச் செருப்பு கட்டிலடியில் வாசலைப் பார்த்துக் கிடக்கும். துணிப்பை கதவோரம் தொங்கும். நடுங்கி முடிந்ததும் தெருவில் நின்று, "எவ்வளவு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். ரெண்டு புள்ளி நாலு என்பார் ஒருவர், ரெண்டு புள்ளி ஆறு என்பார் இன்னொருவர். பிறகுதான் போனில் சரியான ரிக்டர் எண் வரும்.

இந்தக் கணக்கில் ப்ரோகொலோவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உள்ளங்கால் அவருக்குத் தராசு. அவருக்கு அடுத்தபடி அவர் மகள். எர்சிலியா "ஆடுது" என்றால் அந்தக் கட்டடத்தில் மறு கேள்வி கேட்க மாட்டார்கள்.

இந்த நிலத்திலிருந்துதான் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக எல்வியோ ஆசைப்படுகிறான். அவன் வடக்கே ரோவிகோக்காரன். தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். அங்கே ஒரு பட்டறையில் வேலையும் தங்க ஒரு வீடும் கிடைக்கிறது என்று அவன் வாயைத் திறந்த அன்றைக்கு ப்ரோகொலோ மேஜையைத் தட்டினார். "என் பொண்ணைக் கொண்டு போய்ப் பனிமூட்டத்துல ஊறப் போடப் போறியா?" என்றார். அதிலிருந்து ஐந்து வாரமாக மாமனாரும் மருமகனும் பேச்சு இல்லை. எது சொல்வதானாலும் எர்சிலியா வழியாகத்தான்.

திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணி. ஜூலை வெயிலில் கடல் கண்ணைக் குத்தியது.

"எல்வியோ."

சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ஸ்பானரும் கையுமாக ஓடி வந்தான். "என்ன? வலிக்குதா?"

"எனக்குத் தக்காளி வேணும்."

"என்னது?"

"தக்காளி. செடியிலயே பழுத்தது. அடுப்புல ஏத்தக் கூடாது. கையால பிழிஞ்சு, உப்புப் போட்டு, எண்ணெய் ஊத்தி வச்சிடணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஸ்பகெட்டியைச் சுடச்சுட வடிச்சு அது மேல கொட்டணும். பச்சிலை கிள்ளிப் போடணும். பூண்டு ஆகாது. மீன் பக்கத்துலயே வரக் கூடாது."

சொல்லிக்கொண்டு வரும்போதே எர்சிலியாவின் வாயில் எச்சில் ஊறியது. அவளே திகைத்துப்போனாள். பத்து நாளாக ரொட்டித் துண்டும் எலுமிச்சைச் சாறும்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தன. எதைப் பார்த்தாலும் குமட்டியது. இப்போது நாக்கு தானாக, பெயர் சொல்லிக் கேட்கிறது.

வியப்பில் கன்னத்தைத் தொடப் போனவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். மசக்கையில் ஒன்றுக்கு ஆசைப்படும்போது உடம்பில் எங்கே தொடுகிறோமோ, பிள்ளைக்கு அங்கே அந்த உருவத்தில் மச்சம் விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கன்னத்தில் ஒரு தக்காளியோடு பிள்ளை பிறந்தால்? இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. மச்சத்துக்குப் பயப்படுகிறவள், பிள்ளை இருக்கிறது என்று நம்புகிறவள். நம்ப மாட்டேன் என்றல்லவா இத்தனை நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்?

கீழே முதல் மாடி பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"எர்சி! தக்காளியா கேட்டே?"

"ஆமாப்பா."

"நீயா கேட்டியா? இல்ல அவன் கேக்க வச்சானா?"

"நானேதாம்ப்பா."

கீழே ப்ரோகொலோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"சரி. உன் புருஷன்கிட்ட சொல்லு, கடைத்தெருத் தக்காளியை வாங்கிட்டு வந்து நிக்க வேணாம். அதெல்லாம் குளிர்பெட்டியில தூங்கி எந்திரிச்சது."

"உங்கப்பாகிட்ட சொல்லு" என்றான் எல்வியோ, பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி, "எங்க ஊர்லயும் தக்காளி பழுக்கும். எனக்கும் கண்ணு இருக்கு."

"எல்வியோ, அவருக்குக் கேக்குது."

"கேக்கட்டும். நீ சொல்லு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படியிறங்கிப் போனார்கள். ஒருவர் மூன்று சக்கர வண்டியில் கூமா பக்கம், தோட்டம் வைத்திருக்கும் கூட்டாளியைத் தேடி. மற்றவன் சைக்கிளில் சந்தைக்கு.

மாலை ஐந்து மணிக்கு மேஜைமேல் இரண்டு குவியல்கள் இருந்தன.

எல்வியோவுடையது நீளமாக, வழவழவென்று, ஒரே அளவில், கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கியது. ப்ரோகொலோவுடையது கயிற்றில் கட்டிய கூடையில் பால்கனி வழியாக மேலே வந்தது. கோணலும் மாணலுமாக, தோள் வெடித்து, மண் ஒட்டிக்கொண்டு. தொட்டால் இன்னும் சூடாக இருந்தது.

எர்சிலியா வெடித்த பழம் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். வெயிலுக்கு வாசனை உண்டென்றால் அது இதுதான். காம்புப் பக்கம் பச்சை வாடை, அதற்குக் கீழே எரிமலை மண், அதற்கும் கீழே சர்க்கரை. ஒரு பழத்துக்குள் ஒரு பருவம் முழுக்க அடங்கிக் கிடந்தது. குமட்டவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தாள்.

"எது நல்லாருக்கு?" என்று கேட்டான் எல்வியோ, கேட்காத மாதிரி.

"ரெண்டையும் போடு" என்றாள் அவள். குடும்பம் நடத்தத் தெரிந்தவள்.

எல்வியோவுக்குக் கப்பல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியும். சமையல் தெரியாது. பால்கனி நாற்காலியிலிருந்து எர்சிலியா சொல்லச் சொல்ல, அறுவைச் சிகிச்சை செய்கிறவனைப்போல் ஒவ்வொரு தக்காளியாக நறுக்கினான்.

"கத்தியை வச்சிட்டுக் கையை விடு. பிழி. விதையெல்லாம் இருக்கட்டும்."

"சட்டையெல்லாம் ஆகுது எர்சி."

"ஆகட்டும். உப்பு. இன்னும். எல்வியோ, அது மருந்து இல்ல, சாப்பாடு. அள்ளிப் போடு."

ஆலிவ் எண்ணெய் ஊற்றினான். கிண்ணத்தை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து மூடினான். அரை மணி நேரத்தில் தக்காளி தன் சாறைத் தானே விட்டு, எண்ணெயோடு கலந்து, மங்கலான ரோஜா நிறத்தில் பளபளத்தது. வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. இவ்வளவுதான் சமையல். அடுப்பில் வேகப் போவது ஸ்பகெட்டி மட்டும்.

ஏழு மணிக்குத் தண்ணீர் கொதித்தது. பாத்திரம் சின்னது, ஸ்பகெட்டி நீளம். எல்வியோ ஒரு கணம் யோசித்தான். பிறகு மொத்தக் கட்டையும் இரண்டு கையாலும் பிடித்து நடுவில் ஒடித்தான்.

படக்.

இரண்டு மாடிக்குக் கீழே ஒரு நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. படிகளில் காலடி. ஐந்து வாரமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காத ப்ரோகொலோ, பனியனோடு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எர்சி, உன் புருஷன் ஸ்பகெட்டியை ஒடிச்சானான்னு கேளு. நம்ம வம்சத்துல யாரும் அதை ஒடிச்சதில்ல."

"பாத்திரம் சின்னதுன்னு சொல்லு எர்சி..."

"அவன்கிட்ட சொல்லு, பாத்திரம் சின்னதுன்னா கொஞ்சம் பொறுக்கணும். பாதி வெந்ததும் அதுவே வளைஞ்சு குனிஞ்சு உள்ள போயிரும். கல்யாணமான ஆம்பள மாதிரி."

எர்சிலியா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இரண்டு ஆண்களுக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"பூண்டுகூட இல்லாம இது என்ன சாப்பாடு" என்று ப்ரோகொலோ சுவரிடம் சொன்னார். ஆனால் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒன்பது நிமிடம். எல்வியோ வடித்தான், கொட்டினான். வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் புரட்டினான். சூடு பட்டதும் தக்காளியும் எண்ணெயும் ஒன்றாகி, இழை இழையாக எல்லாவற்றையும் பூசிக்கொண்டது. திருநீற்றுப் பச்சிலையைக் கிள்ளிப் போட்டதும் வீடு மணந்தது. எர்சிலியா முதல் ஆளாக மேஜைக்கு வந்தாள். எங்கள் ஊரில் ஆட்களுக்காகப் பாஸ்தா காத்திருக்காது, பாஸ்தாவுக்காகத்தான் ஆட்கள் காத்திருப்பார்கள்.

அவள் முள்கரண்டியில் சுருட்டினாள். ஒடிந்த இழைகள் சரியாகச் சுருளவில்லை. வாயில் வைத்தாள்.

இரண்டு ஆண்களும் கோயிலில் நிற்பதைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சூடு. பிறகு பழத்தின் சாறு. பிறகு உப்பு, இனிப்பு, மெல்லிய புளிப்பு, எல்லாம் தனித்தனியாகவும் சேர்ந்தும். சாப்பாடு இவ்வளவு லேசாக இருக்க முடியுமா? இத்தனை கொஞ்சம் பொருளில் இத்தனை ருசி எங்கேயிருந்து வருகிறது? முப்பத்து நாலு வருஷமாகத் தின்கிற சாப்பாட்டை இன்றைக்குத்தான் முதன்முறையாகத் தின்பதுபோல் இருந்தது. இரண்டாவது வாய். மூன்றாவது. தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது. நாலாவது வாய்க்குச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கை நின்றது.

முகம் மாறியது.

"ஆடுது" என்றாள்.

எங்கள் ஊரில் அந்த வார்த்தையை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. ப்ரோகொலோ எழுந்த வேகத்தில் அடுப்பின் காஸை மூடினார். கதவோரப் பையை எடுத்தார். எல்வியோ மனைவியின் முழங்கையைப் பிடித்தான். மற்றக் கையில் ஏன் ஸ்பகெட்டிக் கிண்ணத்தை எடுத்தான் என்பது இன்றுவரை அவனுக்கே தெரியாது.

"இறங்குங்க! எர்சிலியாவுக்கு ஆடிச்சாம்! இறங்குங்க!" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே ப்ரோகொலோ இறங்கினார்.

மூன்று நிமிடத்தில் கட்டடம் முழுக்கக் கடலோர வண்டி நிறுத்தத்தில் நின்றது. இருபது இருபத்தைந்து பேர். லுக்ரேசியா குளியல் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, கையில் கேனரிக் குருவிக் கூண்டோடு. தரைத்தளத்து முடிதிருத்துகிறவர் பாதி மழித்த முகத்தோடு.

"எவ்வளவு?"

"ரெண்டு புள்ளி மூணு இருக்கும்."

"எனக்குக் கட்டிலே நகர்ந்துச்சு" என்றார் முடிதிருத்துகிறவர்.

"நீ கண்ணாடி முன்னாடி நின்னு மழிச்சிட்டிருந்தே. கட்டில் நகர்ந்தது உனக்கெப்படித் தெரியும்?"

போன்கள் வெளியே வந்தன. விரல்கள் தேய்த்தன. ஒன்றும் இல்லை. மறுபடி தேய்த்தன. கடைசி நடுக்கம் நேற்றுக் காலையோடு சரி.

"என் விளக்கு ஆடலையே" என்றாள் லுக்ரேசியா. "சாமி படத்துக்கு மேல தொங்குதே, ஈ உக்கார்ந்தாலே ஆடும். சும்மாதான் இருந்துச்சு."

"எர்சிலியா சொன்னா ஆடியிருக்கும்" என்றார் யாரோ. ஆனால் குரலில் உறுதி இல்லை.

எல்லோரும் ப்ரோகொலோவைப் பார்த்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தாரில் பதித்து, தலையைச் சாய்த்து நின்றார். நெற்றி வியர்த்தது.

"எனக்குத் தெரியலையே எர்சி" என்றார் மெல்ல.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

"எப்படித் தெரியாம இருக்கும்ப்பா? நல்லாத் தெரிஞ்சுதே. அடியில இருந்து ஒரு உருட்டு உருட்டி..." எர்சிலியா சட்டென்று எல்வியோவின் சட்டையைப் பிடித்தாள். "இதோ! மறுபடியும்! இப்ப! இப்பகூட உங்களுக்குத் தெரியலையா?"

இருபத்தைந்து பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். லுக்ரேசியா கூண்டை உயர்த்தி உள்ளே இருந்த தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. குருவி தினையைக் கொறித்துக்கொண்டிருந்தது.

லுக்ரேசியா கூண்டை மெல்லத் தரையில் வைத்தாள். அருகில் வந்தாள்.

"கண்ணு, எங்க ஆடுது உனக்கு? உள்ளங்கால்லயா, முட்டியிலயா?"

"கால்ல இல்லக்கா. இங்க..."

எர்சிலியாவின் கை தானாக இறங்கி, தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாகப் போய் நின்றது.

யாரும் பேசவில்லை.

பேசவில்லை என்றால், எங்கள் ஊரில் அது சாதாரணம் இல்லை. சாவு வீட்டில்கூட எங்களுக்கு வாய் ஓயாது. கடல் கரையைத் தொட்டுத் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. முடிதிருத்துகிறவர் இல்லாத தொப்பியைக் கழற்றப் போய்த் தலையைத் தடவிக்கொண்டார். இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

எர்சிலியா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்குக் கீழே, தோலுக்கும் சதைக்கும் அப்பால், இருட்டில், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் ஓர் உயிர் புரண்டு படுத்தது. மறுபடியும். தக்காளி நன்றாக இருந்தது என்று சொல்வதைப்போல.

"பட்டாம்பூச்சின்னு சொன்னாங்களே" என்றாள். "பட்டாம்பூச்சி மாதிரியே இல்லக்கா. இது... இது நம்ம பூமி ஆடுற மாதிரியே இருக்கு."

"பொட்சுவோலிக்காரன் பின்ன எப்படிடீ வருவான்?" என்றாள் லுக்ரேசியா. சொல்லிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எல்வியோ கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைப் பிடித்தபடியே மறு கையை அவள் வயிற்றில் வைத்தான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"எனக்குத் தெரியல எர்சி."

"உனக்கு இப்பத் தெரியாது. இன்னும் உள்ளுக்குள்ளதான் இருக்கு."

"உனக்குத் தெரியுதா? நிஜமா?"

"கட்டடத்தையே இறக்கி விட்டிருக்கேன், இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவன் சிரித்தான். அழவும் செய்தான். வடக்கத்திக்காரன் பொது இடத்தில் அழுவதைப் பார்க்காத மாதிரி எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

ப்ரோகொலோ தள்ளியே நின்றார். உள்ளங்கையைப் பனியனில் ஒரு தடவை துடைத்தார். மோந்து பார்த்தார். மறுபடி துடைத்தார். அறுபது வருஷத்து மீன் வாடை, போகவில்லை.

"வாப்பா" என்றாள் எர்சிலியா. "இன்னிக்குக் குமட்டாது."

அவர் வந்தார். எத்தனையோ ராத்திரிகளில் வலையின் கனத்தை வைத்து மீனின் பெயரைச் சொன்ன கை அது. அதை மகள் வயிற்றில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு" என்றார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். அவருக்கு நிஜமாகவே தெரிந்ததா, சும்மா சொன்னாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்திருக்காது என்பாள் லுக்ரேசியா. அவருடைய கண்ணைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"சாப்பிடும்மா" என்றார் முடிதிருத்துகிறவர். "அதுக்குப் பசி. அதான் உதைக்குது."

லுக்ரேசியா வீட்டு நாற்காலி ஒன்று எப்படியோ கீழே வந்தது. எர்சிலியா உட்கார்ந்தாள். எல்வியோ பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான். ஸ்பகெட்டி ஆறிப்போயிருந்தது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறினால் நாய்க்குக்கூட வைக்க மாட்டோம் நாங்கள். அவள் ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். சுற்றி நின்ற இருபத்தைந்து பேரும் ஒவ்வொரு வாயும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீவுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தக்காளிச் சாறு அவள் தாடையில் வழிந்தது.

அப்போதுதான் வந்தது.

முதலில் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் பூமியின் உறுமல். பிறகு ஒரு தூக்கு, ஓர் உலுக்கல். நிறுத்தியிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே குரலில் அலறின. கேனரி கூண்டுக் கம்பியில் மோதியது. மேலே எங்கோ ஓடு ஒன்று சரிந்து விழுந்தது. எல்வியோ ஒரு கையால் மனைவியின் தலையை மூடினான். ஆறு நொடி. ஏழு நொடி. நின்றது.

"மூணு" என்றார் முடிதிருத்துகிறவர்.

"மூணு புள்ளி ஒண்ணு" என்றார் ப்ரோகொலோ, வெளுத்த முகத்தோடு. சற்று நேரத்தில் போனிலும் அதே எண் வந்தது.

எர்சிலியா எல்வியோவின் கையை விலக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முள்கரண்டியில் பாதி சுருட்டிய ஸ்பகெட்டி.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் கத்தறீங்க?"

"ஆடிச்சேடீ!"

"எது?"

அவள் விளையாடவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வண்டிகள் இன்னும் அலறிக்கொண்டிருந்தன. அவள் வேறெங்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ப்ரோகொலோ மகளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால்களைப் பார்த்தார். அவற்றுக்குக் கீழே இருந்த தரையை, பிறந்ததிலிருந்து வெறுங்காலால் படித்து வந்த தரையை, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இனி இது ஆடினால் எழுந்து ஓட இவளுக்குத் தெரியாது. பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். நடுவில் மகளை வைக்காமல், நேராக.

"மாப்ளே."

எல்வியோ திடுக்கிட்டான். "என்ன மாமா?"

"அந்த ரோவிகோ வீட்டுல எத்தனை ரூம்?"

"ரெண்டு, மாமா."

"ரெண்டு" என்றார் ப்ரோகொலோ. உதடு அசைய, விரலை மடக்கி, தனக்குள் எண்ண ஆரம்பித்தார். யாரையெல்லாம் சேர்த்து எண்ணுகிறார், யாரை விட்டுவிட்டு எண்ணுகிறார் என்று எர்சிலியாவுக்குத் தெரியவில்லை. அவள் முள்கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.